முதல் குடம்

அண்டாக்கள் மின்னின. கோயில் மண்டபத்தின் பின்புறச் சிமெந்துத் தரையில் ஆறு அண்டாக்களும் இருபது வாளிகளும் நீளக் கரண்டிகளும் வரிசை குலையாமல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. காலை பத்து மணி வெயில் அவற்றின் முதுகில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசச் செய்தது. மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்திருந்த லோகேஸ்வரி, ஒரு கையில் கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியும் மறுகையில் பெயர்ச்சீட்டு ஒட்டிய குப்பியுமாக அந்த வரிசையின் முன் நின்றாள். துடைத்தெடுக்க அங்கே எதுவும் இல்லை. ஒரு பருக்கை இல்லை. ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அடுப்புக்கல்லில் ஒட்டிய கரியைக்கூட யாரோ கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

“ஒரு பொட்டு அழுக்கு இருக்கா பாருங்கம்மா,” என்றாள் மருதம்மாள். லூனாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் திருவிழா என்றாலும் திருமணம் என்றாலும் அடுப்பு மூட்ட அவளைத்தான் அழைப்பார்கள். வயது ஐம்பது. புடவை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். “நேத்து சாயங்காலம் பூரா பொம்பளைங்க பதினோரு பேரு ஒக்காந்து தேச்சோம். புளி, சாம்பலு, கடைசியா கொதிக்கிற தண்ணி. அதிகாரி வராங்கன்னு சொன்னாங்கல்ல?”

“மிச்சம் மீதி ஏதாவது இருக்கா அக்கா? ஒரு கரண்டி சாம்பாரு, ஒரு கிளாஸ் சிரப்புத் தண்ணி?”

“ஐயையோ, அதெல்லாம் வச்சிருப்போமா? நாறிப்போயிடாது? குழி வெட்டிப் பொதச்சாச்சு. மேல கிருமி சாவ கிளோரோக்ஸ் கூட ஊத்திட்டோம் லா. தரைய மூணு தடவ கழுவிருக்கோம். நீங்க இங்க எல போடாமயே சோறு சாப்புடலாம்.”

லோகேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. அவளும் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள்தான். அதிகாரி வருகிறார் என்றால் கழுவு என்னும் கட்டளையை இந்த மக்களுக்கு இன்று யாரும் பிறப்பிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரத் துரை சனிக்கிழமை தோறும் லயங்களைச் சுற்றிப் பார்த்த காலத்தில், பெருக்காத வாசலுக்கும் கழுவாத சட்டிக்கும் தண்டனை உண்டு. துரை போனான், கொடி மாறியது, ரப்பர்ப் பால்மரம் விழுந்து எண்ணெய்ச் செம்பனை எழுந்தது, பயம் மட்டும் ஓய்வு பெறாமல் தலைமுறை தலைமுறையாய் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. நோய்க்குச் சாட்சி தேடி ஒருத்தி வருகிறாள் என்று சொன்னால், சாட்சியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் வரவேற்க இவர்களால்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெராந்தி தோட்டத்து முனியாண்டி கோயிலில் திருவிழா. பகலில் அன்னதானம். பொழுது சாய்வதற்குள் முதல் வாந்தி. திங்கள் காலைக்குள் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் எட்டு வயது நளினி மாவட்ட மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறாள். சிறுநீர் பிரியவில்லை என்பதுதான் இன்று காலை வந்த கடைசிச் செய்தி. நேற்று முழுவதும் லோகேஸ்வரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். சோறு சாப்பிட்டுவிட்டுக் கடைப் போத்தல் தண்ணீர் குடித்தவர்கள் நன்றாக இருந்தார்கள். சோற்றைத் தொடாமல் சிவப்புச் சிரப்பு மட்டும் குடித்த பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். ஐஸ் லாரி அன்று வரவில்லை; ஆகவே ஐஸ் குற்றவாளியல்ல. சிரப்பு கடையில் வாங்கியது. அதே போத்தலை வாங்கிய வேறு எந்த ஊரிலும் எவரும் படுக்கவில்லை. மிஞ்சியவை இரண்டே. கலக்கிய மருதம்மாளின் கை. கலப்பதற்குத் தண்ணீர் கொடுத்த தோட்டத்துக் குழாய்.

இரண்டில் எது என்பது ஒரு படிவத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் பின்னால் எத்தனை பெரிய மாளிகை நிற்கிறது என்பதை லோகேஸ்வரி அறிவாள். நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் சுகாதாரத்துக்கென ஓர் அமைச்சு. உச்சியில் அமைச்சர், அவருக்கு அடுத்து நிர்வாகத்துக்கு ஒரு தலைமைச் செயலாளர், மருத்துவத்துக்கு ஒரு தலைமை இயக்குநர். கீழே பிரிவுகள்: மருத்துவமனைகளுக்கு ஒன்று, பொதுச் சுகாதாரத்துக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, உணவுப் பாதுகாப்புக்கு ஒன்று. அவை அலோர் ஸ்டாருக்கு இறங்கி மாநிலமாகி, மாநிலத்திலிருந்து இறங்கி மாவட்டமாகி, மாவட்டத்தில் ஒரு மேசையாகி, கடைசியில் அவள் தோளில் தொங்கும், மாதிரிகளுக்கான ஐஸ் பெட்டியில் வந்து முடிகின்றன. அந்தப் பெட்டியை அவள் பெருமையோடுதான் சுமந்தாள். இந்த நாட்டில் ஏழைக் குழந்தைக்கும் அமைச்சரின் குழந்தைக்கும் ஒரே தடுப்பூசியைப் போட்ட அமைச்சு அது. ஆனால் சிரப்பு என்பது உணவா, தண்ணீரா? உணவு என்று குறித்தால் கோப்பு உணவுப் பிரிவுக்குப் போகும். கலக்கியவள் கூண்டில் ஏறுவாள். அவள் அடுப்பு அணையும். தண்ணீர் என்று குறித்தால் குடிநீர்க் கண்காணிப்புக்குப் போகும், குழாய் அடைபடும், தோட்ட நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். லயத்து வீடுகளோ வேறோர் அமைச்சின் தொழிலாளர் இலாகாவுக்குச் சொந்தக் கவலை. குழாய்க்குத் தண்ணீர் வரும் குளம் மாநிலத்தின் கவலை. கோயில் நிற்கும் மண் கம்பெனியின் உடைமை. ஒரு குவளைத் தண்ணீருக்கு இத்தனை மேற்பார்வையாளர்கள். அதைக் குடித்த குழந்தைக்கு ஒரே ஒரு வயிறு.

காலை ஒன்பது மணிக்கே அவள் குழாயைச் சோதித்துவிட்டாள். சோதனைக் குழலில் மாத்திரையைப் போட்டதும் தண்ணீர் அடர்ந்த இளஞ்சிவப்பாயிற்று. குளோரின் அளவுகோலைத் தாண்டி நின்றது. தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி புவனேஸ்வரன் பக்கத்தில் நின்று சிரித்தார். “பாத்தீங்களா மிஸ், எங்க தண்ணி நம்பர் ஒன்.” குழாயில் குளோரின் வாசனை நேற்றுப் பிற்பகலிலிருந்துதான் வருகிறது என்று பதினான்கு வீட்டுப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். குளோரின் மருந்து கலக்கும் பம்பு கெட்டு மூன்று வாரமாயிற்று என்று ஒருவர் சொன்னார்; பெயரை எழுத வேண்டாம் என்றார். அண்டாவைக் கழுவியது பயம். குழாயைக் கழுவியது தந்திரம். இரண்டு கைகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வேலையை முடித்துவிட்டன.

மாவட்டச் சுகாதார அதிகாரி டாக்டர் அஸ்லினா கைப்பேசியில் மலாயில் பேசினார். படிவம் இரண்டு மணிக்குள் மேலே போயாக வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வண்டி கிளினிக்கிலிருந்து ஒரு மணிக்குப் புறப்படும். “நிரூபிக்க முடிந்ததை மட்டும் குறி, லோகா,” என்றார்.

நிரூபிக்க முடிந்தது மருதம்மாள் மட்டுமே. முந்நூறு பேருக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் சிரப்பு கலந்தாள். அதை அவளே மறைக்கவில்லை.

லோகேஸ்வரி கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

“ஞாயித்துக்கெழம காலைல இங்க வந்ததுலேர்ந்து சொல்லுங்க அக்கா. ஒண்ணு விடாம.”

“நாலு மணிக்கு வந்தேன். குளிச்சிட்டுத்தான் வந்தேன், அதையும் எழுதிக்குங்க. டைபாய்டு ஊசி போட்ட கார்டு இருக்கு. சமையல் கோர்ஸ் போன சர்ட்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டிருக்கேன். எம் மருமவன் படத்துக்கு மேல.”

“அத அப்பறம் பாக்கறேன். வந்து மொதல்ல என்னா செஞ்சீங்க?”

“பைப்பத் தொறந்தேன். மொதக் கொடம் சாமிக்குப் புடிச்சேன். அப்பறம் அதே பைப்புல ஹோஸ் மாட்டி சிரப்பு அண்டாவுக்கு விட்டுட்டு, இந்தப் பக்கம் அரிசி களைய—”

பேனா நின்றது. “சாமிக்குப் புடிச்ச கொடமா?”

“ஆமா. வருசா வருசம் மொதத் தண்ணி முனியாண்டிக்குத்தான். மஞ்சத் துணியால வாயக் கட்டி உள்ள வச்சிப் பூட்டிருவாங்க. மூணாம் நாளு உச்சிலதான் தொறப்பாங்க. எல்லாருக்கும் கையில தீர்த்தம் குடுத்துட்டு மீதிய மரத்தடில ஊத்துவாங்க.” மருதம்மாள் விரலை மடக்கி எண்ணினாள். “அட, இன்னிக்குத்தான்.”

“அதுல ஏதாவது போட்டீங்களா? மஞ்சள், வேப்பெல?”

“ஒண்ணும் போடக்கூடாது. வெறுந்தண்ணி. சாமி குடிக்கிறதுல மனுசன் கைய விடலாமா?”

மணி பதினொன்று பத்து. லோகேஸ்வரி எழுந்துவிட்டாள். அதே நாள், அதே குழாய், அண்டாவுக்கு முந்திய அதே நிமிடம். சிரப்பு இல்லை, மருந்து இல்லை, யார் கழுவலும் எட்டாத இருட்டு. அதன் குறைகளையும் அவள் உடனே எண்ணினாள். இரண்டு நாள் வெளிச்சூட்டில் இருந்த தண்ணீர். முறைப்படி எடுத்ததல்ல என்று ஆய்வுக்கூடம் முகம் சுளிக்கும். குடம் சுத்தமா என்று கம்பெனியின் வழக்கறிஞர் கேட்பார். கேட்கட்டும். நோயாளிகளின் உடம்பில் வளரும் கிருமியும் அந்தக் குடத்தில் வளரும் கிருமியும் ஒரே இனம் என்றால், சிரித்துத் தள்ளிவிட முடியாது.

“எனக்கு அந்தத் தண்ணி வேணும் அக்கா.”

“எதுக்கு?”

“லேப்புக்கு அனுப்ப.”

மருதம்மாளின் முகத்திலிருந்து காலையின் பெருமை எல்லாம் வடிந்தது. “சாமி தண்ணில கிருமின்னு எழுதப் போறீங்களா?” குரல் தாழ்ந்தது. “வேணாம்மா. எம்மேலயே எழுதிக்குங்க. அந்தப் புள்ள நளினி, இன்னொண்ணு குடு அத்தேன்னு வந்து நின்னுச்சி. மூணாவது கிளாஸு நாந்தான் மோந்து குடுத்தேன். ரெண்டு நாளா இந்தக் கையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கைய எழுதிக்குங்க.”

குற்றத்தை ஏற்றுக்கொள்வது இந்த மண்ணில் கூலியில்லாத வேலை. பிள்ளை படிக்காவிட்டால் தாயின் குற்றம். புருஷன் குடித்தால் பெண்டாட்டியின் குற்றம். குழாயில் நஞ்சு வந்தால் மொண்டு கொடுத்தவளின் குற்றம். அடிக்கு நீட்டிய முதுகுகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஆகவே எவனும் தன் முதுகைத் திருப்பிக் காட்ட வேண்டியிருப்பதில்லை. லோகேஸ்வரி இதை ஒரு மேடையில் நின்று சொல்லியிருந்தால் கைத்தட்டல் கிடைத்திருக்கும். இங்கே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். அதுவும் அவள் மொழியில்.

“நீங்க ஏத்துக்கிட்டா ஒங்க கையக் கட்டிப்புடுவாங்க அக்கா. அந்தப் பைப்ப யாரு கட்டுவா? இப்ப போட்ட மருந்து தீந்தா பழைய தண்ணிதான் வரும். நளினி ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்து, அதே பைப்புலதான குடிக்கணும்?”

மருதம்மாள் செருகிய முந்தானையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லோகேஸ்வரி நடந்தபோது பின்னால் காலடி கேட்டது.

கோயில் என்பது கல்லால் ஆன ஒரு சிறு அறை. முன்னால் தகரக் கூரை. தீர்த்தத்துக்காக முப்பது நாற்பது பேர் ஏற்கனவே கூடியிருந்தார்கள். கோயில் தலைவர் சுப்பிரமணியம் இடுப்பில் சாவியோடு கதவருகே நின்றார். அறுபத்தைந்து வயதிலும் நிமிர்ந்த உடம்பு. கண் மட்டும் தரையில் இருந்தது. அவர் பக்கத்தில் கிராணி. தோட்டத்தில் செய்தி நடப்பதில்லை, பறக்கும்.

“தலைவரே, மணியப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க,” என்றார் கிராணி. “தொறந்து மரத்தடில ஊத்திட்டு ஆளுங்கள அனுப்புங்க. மேனேஜரே சொல்லிட்டாரு.”

ஆண்டுக்கணக்காய் இந்தக் கோயிலின் பூசை நேரம் எந்த மேனேஜருக்கும் தெரிந்ததில்லை. இன்று தெரிந்திருக்கிறது.

“ஐயா,” என்றாள் லோகேஸ்வரி, சுப்பிரமணியத்தைப் பார்த்து. “தொத்துநோய்ச் சட்டப்படி எந்தக் கதவையும் தொறக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. நான் அத சொல்லல. பொம்பளைங்க உள்ள போவக்கூடாதுன்னா நான் போவல. வழக்கம்போல பன்னெண்டுக்குத் தொறங்க. நீங்களே வெளிய கொண்டாங்க. ஆனா ஒரு சொட்டு கீழ விழறதுக்கு முன்னாடி என் போத்தல் நெறையணும்.”

“நல்லாருக்கு மிஸ்,” என்று கிராணி சிரித்தார். “நாளைக்கு சாமி அருவாளையும் லேப்புக்கு அனுப்புவீங்களோ?”

சிலர் சிரித்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது: “தண்ணிதான் நம்பர் ஒன்னாச்சே கிராணி, ஒனக்கு ஏன் இப்டி வேர்த்து ஊத்துது?” இப்போது அதிகம் பேர் சிரித்தார்கள். கிராணி கைப்பேசியை எடுத்துக்கொண்டு மரத்துப் பக்கம் போனார்.

சுப்பிரமணியம் லோகேஸ்வரியின் அருகில் வந்து மெல்லப் பேசினார். “இந்த எடத்துக்கு கிராண்ட் இல்லம்மா. பட்டா கெடையாது. அம்பது வருசமா கம்பெனி வாய்வார்த்தைலதான் கோயிலு நிக்குது. காலைல மேனேஜரு கூப்ட்டாரு. தண்ணியப் பத்தி எவனாவது எழுதுனா எடத்தப் பத்தியும் பேச வேண்டி வரும்னாரு. நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. டாக்டர் அஸ்லினா. மேலிடத்துக்கு யாரோ புகார் செய்திருக்கிறார்கள்: அதிகாரி ஒருத்தி கோயிலுக்குள் புகுந்து கலகம் செய்கிறாள் என்று. ஒரு காகிதம் கீழிருந்து மேலே ஏற மூன்று வாரமாகும் அதே ஏணியில், ஒரு தொலைபேசி மூன்று நிமிடத்தில் இறங்கிவிட்டது.

“உள்ளே போனாயா?”

“இல்லை டாக்டர். வாசலில் நிற்கிறேன்.”

அந்த முனையில் காகிதம் புரளும் சத்தம். “வாசலிலேயே நில்,” என்றார் டாக்டர். இணைப்பு அறுந்தது.

அது தடையா, துணையா? லோகேஸ்வரி திரும்ப அழைத்துக் கேட்கவில்லை. கேட்டால் தெளிவான பதில் கிடைத்துவிடும்.

மணி பன்னிரண்டு. யாரும் அசையவில்லை. சுப்பிரமணியத்தின் கை சாவியின்மேல் இருந்தது. சாவி இடுப்பிலேயே இருந்தது. கிராணி திரும்பி வந்து கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு இரண்டு. பன்னிரண்டு ஐந்து. ஒரு மணி வண்டிக்குக் கிளினிக் வரை இருபத்தைந்து நிமிட ஓட்டம். இந்தக் கிழவரின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கச் சட்டம் அவளுக்கு இடம் கொடுக்கிறது. பிடுங்கினால் குடம் கிடைக்கும். நாளை ஒரு வீடும் அவளுக்குக் கதவு திறக்காது. அடுத்த நோய்க்கு ஒரு வாயும் உண்மை பேசாது. சட்டத்தின் கை நீளம்தான். ஆனால் நம்பிக்கை இல்லாத இடத்தில் அந்தக் கைக்குக் கிடைப்பவை கழுவிய பாத்திரங்கள் மட்டுமே.

“அண்ணே, தொறங்க,” என்றாள் மருதம்மாள்.

சுப்பிரமணியம் நிமிர்ந்தார். “எடம் போயிரும் மருதம்மா.”

“புள்ள போயிட்டா?”

சுப்பிரமணியம் இடுப்பிலிருந்து சாவியை உருவினார். பூட்டு ஒரு தடவை முரண்டுபிடித்துத் திறந்தது. இருட்டுக்குள் போனவர் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். எவர்சில்வர் குடம், வாயில் மஞ்சள் துணி, கயிற்றின் முடிச்சு முடிச்சாகவே இருந்தது. வாசற்படிக் கல்லில் இறக்கி வைத்துவிட்டு, “நான் அவுக்கறேன்,” என்றார். அவிழ்த்தார். உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது. அடிவட்டம் வரை தெரிந்தது. அத்தனை தெளிவைக் கண்டு கூட்டத்தில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லோகேஸ்வரி கையுறையை மாட்டினாள். உறை பிரித்த புதுக் கரண்டியால் ஒன்று, இரண்டு, மூன்று போத்தல். மூடி இறுக்கினாள். தேதி, இடம், நேரம்: பன்னிரண்டு ஒன்பது. சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை நீட்டியபோது கிராணியின் கைப்பேசி இன்னும் கிட்டே வந்தது. சுப்பிரமணியம் தமிழில் முழுப் பெயரை எழுதினார். மருதம்மாள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, ஒவ்வோர் எழுத்தையும் தாளில் அழுத்தினாள். “நல்லா விழுந்திருக்கா தங்கச்சி?” என்று கேட்டாள். ஐஸ் பெட்டி மூடிக்கொண்டது.

அப்போதுதான் லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கூட்டம் வரிசையாகிவிட்டிருந்தது. முப்பது நாற்பது வலக்கைகள், கீழே இடக்கை தாங்க, குவிந்து நீண்டிருந்தன. சுப்பிரமணியத்தின் கையில் தீர்த்தக் கரண்டி. இதை அவள் நினைக்கவே இல்லை. சட்டத்தை நினைத்தாள், நேரத்தை நினைத்தாள், வழக்கறிஞரை நினைத்தாள். மூன்றாம் நாள் தீர்த்தம் என்று காதில் விழுந்தும், இந்தக் கைகளை நினைக்கவில்லை. குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். என்ன ஆதாரம் என்று கிராணி கேட்பார்; அது கைப்பேசியில் பதியும்; முடிவு வருமுன் அதிகாரி தீர்ப்புச் சொன்னாள் என்று அது ஏணியில் ஏறும். ஏறட்டும். அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் மருதம்மாள் வாசற்படியில் மண்டியிட்டிருந்தாள். வலக்கையை விரித்துக் குடத்தின் வாயை மூடினாள்.

“மருதம்மா, கைய எடு,” என்றார் சுப்பிரமணியம். அதட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது.

அவள் எடுக்கவில்லை. அடுப்புச் சூடு ஏறித் தடித்துப்போன உள்ளங்கை விளிம்போடு விளிம்பாய்ப் பொருந்தியிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. எதிரே நீண்ட கைகளும் பின்வாங்கவில்லை. உச்சி வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே இறங்கி, குவிந்த வெறும் கைகள் ஒவ்வொன்றிலும் சிறு சிறு வட்டங்களாய் நிறைந்திருந்தது.